டென்ட் பள்ளத்தாக்கில் ஒரு பெயர்த் தகராறு

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் மூலைக்கு மூலை சின்னச் சின்னச் சேகரங்களுக்கெல்லாம் தனி வரலாறு எழுதி வைத்திருக்கிறார்களே, அரசனும் போரும் கோட்டையும் இல்லாத ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தைப் பற்றி எழுத அப்படி என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பொதுவாகப் பேசினால் புரியாது, அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். வடக்கு இங்கிலாந்தில் டென்ட் என்று ஒரு ஊர், அது இருக்கும் பள்ளத்தாக்குக்கு டென்ட்டேல் என்று பெயர். மொத்தச் சேகரத்திலும் இன்றைக்கு 800 பேர் கூடக் கிடையாது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள ஒரு குக்கிராமத்தின் பெயரைத் தப்பாகப் பதிவு செய்துவிட்டார்கள் என்பதற்காக, 1869ல் லண்டனில் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டுத் திருத்தியது. தப்பு என்றால் பெரிய தப்பில்லை, வழக்கமான பெயருக்குப் பதில் வேறு பெயர், அதிலும் ஒரு 'க்' கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சேகரம் என்ற சொல். நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள், திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ சபைகளில் சேகரம் என்பார்கள். இரண்டிலுமே ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரம் என்றுதான் மனதில் வரும். இங்கிலாந்தில் அது அதோடு நிற்கவில்லை. 1538லிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு சேகரமும் ஏட்டில் எழுதியாக வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். 1555லிருந்து சாலை போடுவது சேகரத்தின் வேலை, ஊர்க்காரர்களே வருடத்துக்கு இத்தனை நாள் என்று இறங்கி உழைக்க வேண்டும். 1601லிருந்து ஏழைகளுக்குச் சோறு போடுவதும் சேகரத்தின் தலையில். ஒருவர் வறுமையில் விழுந்தால் எந்தச் சேகரம் செலவு செய்ய வேண்டும் என்று ஊருக்கும் ஊருக்கும் வழக்கு நடக்கும், கர்ப்பிணிப் பெண்களைக் கூட எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இரக்கமில்லாத வேலைதான், ஆனால் அத்தனைக்கும் காகிதம் உண்டு. தேவாலய நிர்வாகத்திலிருந்து பிரிந்த, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்கள் வந்ததே 1894 சட்டத்துக்கு அப்புறம்தான். பெரிய மனிதர் ஒருவரும் இல்லாத ஊரிலும் யாருக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள் என்பது வரை தெரியவருவது இதனால்தான்.

சரி, டென்ட். அதைச் சுற்றி மலை, நடுவே டீ என்று ஒரு சின்ன ஆறு, அது செட்பர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ராவ்தி ஆற்றில் போய்ச் சேரும். தேவாலய நிர்வாகத்தில் டென்ட்டும் வெகுகாலம் செட்பர் பெருஞ்சேகரத்துக்குக் கீழேதான் இருந்தது. மண்ணின் பெயர்களைப் பார்த்தாலே யார் வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துவிடும். ஓடைக்கு பெக், ஓடை அறுத்த பள்ளத்துக்கு கில், மலைக்கு ஃபெல், காடழித்துத் திருத்திய நிலத்துக்கு த்வெயிட், எல்லாமே ஆயிரம் வருடத்துக்கு முன் வந்த ஸ்காண்டிநேவியர்கள் விட்டுப்போன சொற்கள். நடுவில் ஒரு கிராமமும், பள்ளத்தாக்கு நெடுகத் தனித்தனிப் பண்ணை வீடுகளும் என்ற அமைப்பும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இவர்களுக்கு மேலே ஜமீன்தார் மாதிரி ஒரு பெரிய பிரபு உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் இந்த ஊரின் விசேஷம். சின்ன நிலக்காரர்கள், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பண்ணையைத் தாங்களே வைத்திருந்தவர்கள், அவர்களை ஸ்டேட்ஸ்மென் என்று அழைத்தார்கள். அரசியல்வாதி என்று அர்த்தம் எடுத்துவிடாதீர்கள், எஸ்டேட் வைத்திருப்பவர் என்பதுதான் அது. தேவாலயத்தில் இப்படிப்பட்ட நிலக்காரர்கள் 24 பேருக்குத் தனி இடம் உண்டு. பாதிரியாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் அந்த உரிமை ஒரு பிரபுவிடமோ பிஷப்பிடமோ ஒரு கல்லூரியிடமோதான் இருக்கும். தங்கள் பாதிரியாரைத் தாங்களே தேடிக்கொள்ளும் ஊருக்கு வாயும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அப்படித்தான் 1652ல் குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக வந்தபோது, பாதிரியாரே வேண்டாம் என்று அவர் பேசியதையும் கேட்க ஆள் இருந்தது.

(டென்ட் என்று தேடினால் உங்களுக்கு முதலில் ரத்தக்காட்டேரிக் கதைதான் வரும். 1715ல் 94 வயதில் இறந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவரின் கல்லறைப் பலகை தேவாலய வாசலில் கிடக்கிறது, அதில் ஒரு துளை. பிணத்தின் நெஞ்சில் ஆப்பு இறக்கிய அடையாளமாம். 94 வயது வரை வாழ்ந்ததே அந்தக் காலத்தில் சந்தேகத்துக்குப் போதுமான காரணம் போல. விடுங்கள்.)

இந்த ஊரின் உண்மையான கதை பின்னல். குளிர், மழை, கோதுமை சரியாக விளையாத மண்; ஆடு மாடு உண்டு, வெண்ணெய் உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது. அதனால் ஊரே கம்பளி நூலில் காலுறை, கையுறை, குல்லா பின்னியது. ஊரே என்றால் ஊரே, ஆண்களும்தான். இடுப்பு வாரில் செருகிய மரக்கட்டையில் ஊசியின் ஒரு முனையை நிறுத்திக்கொள்வார்கள், இதனால் ஒரு கைக்கு வேலை குறையும், நடந்துகொண்டும் மாடு ஓட்டிக்கொண்டும் பின்னலாம். உட்கார்ந்து பின்னும்போது உடம்பு முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்துக்கு என்றே ஒரு வட்டாரச் சொல் இருந்தது. ராத்திரியில் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நெருப்பு வைத்து விளக்கு ஏற்றுவது செலவு. முறை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் கூடுவார்கள், ஒரே நெருப்பு, ஒரே வெளிச்சம், பாட்டும் கதையும், விரல்கள் மட்டும் நிற்காது. இதற்கு 'உட்காரப் போவது' என்று பெயர்.

இவர்களைத்தான் 'டென்ட்டின் டெரிபிள் பின்னல்காரர்கள்' என்று வெளியூரில் சொன்னார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த இந்தக் காலத்து ஆள் ஏதோ மோசமாகப் பின்னுவார்கள் போல என்று நினைத்துவிடுவார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, 'பயங்கரமா பின்றான்யா' என்று நாம் சொல்வது எந்த அர்த்தத்தில் என்று தெரியுமே, அதே அர்த்தம்தான்.

இந்தத் தொழிலை வெறும் கிராமத்து அழகாக மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லேங்டேல் என்ற இன்னொரு பள்ளத்தாக்கிலிருந்து பெட்டி யூடேல் என்ற சிறுமியையும் அவள் தங்கையையும் பின்னல் கற்க டென்ட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். விடிந்ததிலிருந்து இத்தனை வரிசை முடித்தாக வேண்டும் என்ற கணக்கு, பிடிக்காத சாப்பாடு, வீட்டு நினைப்பு. இரண்டு குழந்தைகளும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, மலைப் பாதையில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெட்டி கிழவியான பிறகு இதை அவளுடைய பேச்சு மொழியிலேயே சொல்ல, எழுதி வாங்கி அச்சில் ஏற்றினார்கள். கவிஞர் ராபர்ட் சவுதி வழியாக அது வெளியே வந்தது. அரசர் பட்டியலில் இடம் கிடைக்காத ஒரு குழந்தையின் குரல் 200 வருடம் தாண்டி நமக்குக் கேட்கிறது என்றால், இதைவிட நல்ல ஊர் வரலாறு வேறென்ன வேண்டும்?

பின்னிய சரக்கு எங்கே போனது? ராணுவத்துக்கு, லண்டனுக்கு. டென்ட்டின் சுறுசுறுப்பான நிலக்காரர்கள் சிலர் குதிரை ஏறி லண்டன் போய் அங்கே சீப்சைடு வியாபாரிகளோடு நேரடியாகப் பேரம் பேசித் திரும்பியிருக்கிறார்கள். ஆக, வெளியுலகம் தெரியாத ஊர் என்று நினைக்க இடமே இல்லை. இயந்திரப் பின்னல் வந்து விலை விழுந்ததும்தான் ஊர் சுருங்கியது. 1801 மக்கள்தொகைக் கணக்கில் 1,700க்கு மேல் இருந்தவர்கள் இன்று அதில் பாதிக்கும் கீழே.

ஊரில் பணம் இருந்தது என்றால் எல்லாமே காலுறைப் பணமும் இல்லை. இங்கேதான் ஊர்ப் பெருமை பேசும் சிலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். டென்ட்டேலில் சில் என்று ஒரு குடும்பம். ஜமைக்காவில் பிராவிடன்ஸ் என்ற கரும்புத் தோட்டம் அவர்களுடையது, அடிமைகளை வைத்து நடந்த தோட்டம். அந்த லாபத்தில் பள்ளத்தாக்கில் பண்ணை பண்ணையாக வாங்கினார்கள், வெஸ்ட் ஹவுஸ் என்று ஒரு பெரிய வீடு கட்டினார்கள், பிற்காலத்தில் அதற்கு வெர்ன்சைடு மேனர் என்று பெயர் மாறியது. தோட்டத்தோடு நிற்கவில்லை, ஆப்பிரிக்க அடிமைகளை இந்த மலைப் பள்ளத்துக்கே கொண்டுவந்தார்கள். எப்படித் தெரியும் என்றால், 1758ல் லிவர்பூல் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் வந்தது: ஆகஸ்ட் 28 திங்கட்கிழமை டென்ட்டிலிருந்து தாமஸ் ஆன்சன் என்ற கறுப்பர் ஓடிவிட்டார், உயரம் ஐந்தடி ஆறங்குலம், வயது இருபதுக்கு மேல், அகன்ற உடல்வாகு, பிடித்துக் கொடுப்பவருக்கோ தகவல் சொல்பவருக்கோ எட்மண்ட் சில் நல்ல சன்மானம் தருவார். காணாமல் போன குதிரைக்குத் தரும் விளம்பரத்தின் அதே பாணி. மற்ற எந்தப் பெருமையை விடவும் டென்ட் பற்றி எனக்கு மனதில் நிற்பது இந்த விளம்பரம்தான், ஏனென்றால் ஆட்டுப் பண்ணையும் கம்பளியும் என்று நாம் வரைந்து வைத்திருக்கும் படத்துக்குள் இருபது வயது தாண்டிய ஒரு இளைஞர் தப்பி ஓடுவது அதில் தெரிகிறது.

சில் குடும்பத்தின் கடைசி ஆளான ஆன் சில் 1835ல் இறந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் வந்திருந்தது, ஒழித்ததற்கு அரசு 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு இல்லை, உடைமைக்காரர்களுக்கு. ஆன் சில் பேரில் இருந்த 174 அடிமைகளுக்கான ஈடாக 3,783 பவுண்டு வந்தது. அவர் இறந்துவிட்டதால் உயிலின் அறங்காவலர்கள் பெயரில் அது கொடுக்கப்பட்டது. அந்த அறங்காவலர்களில் ஒருவர் ஆடம் செட்ஜ்விக்.

இந்தப் பெயரைத்தான் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். செட்ஜ்விக் 1785ல் டென்ட்டில் பிறந்தவர், ஊர்ப் பாதிரியாரின் மகன். ஊர்ப் பள்ளியிலும் பிறகு செட்பரிலும் படித்துக் கேம்பிரிட்ஜ் போய், 1818ல் அங்கே நிலவியல் பேராசிரியர் ஆனார். பூமியின் வரலாற்றில் கேம்பிரியன் காலம் என்று இன்று உலகமே சொல்கிறதே, அந்தப் பெயரை வைத்தவர் இவர். டெவோனியன் என்ற பெயரும் இவரும் இன்னொரு நிலவியலாளரான மர்ச்சிசனும் சேர்ந்து வைத்தது. 1831ல் வேல்ஸ் மலைகளுக்குப் பாறை பார்க்கப் போனபோது ஒரு இளைஞரைக் கூட அழைத்துப் போய்த் தொழில் பழக்கினார், அந்த இளைஞர் சார்ல்ஸ் டார்வின். அடிமை நஷ்ட ஈட்டுப் பணத்தில் அவர் பெயர் இருப்பது ஒரு உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் வந்ததுதான், அவரே தோட்டம் வைத்திருந்தார் என்று பொருள் இல்லை. ஆனால் சின்ன ஊரில் எல்லாம் எல்லாரோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும், ஊரின் மிகப் பெரிய மனிதரின் கை வழியாகவும் அந்தப் பணம் போயிருக்கிறது.

ஊரின் பாறையும் சும்மா இருக்கவில்லை. கடல்வாழ் உயிரினங்களின் வெள்ளைப் புதைபடிவம் தெறித்த கருப்புச் சுண்ணாம்புக்கல் இங்கே கிடைக்கும். மெருகேற்றினால் பளபளக்கும், அதனால் டென்ட் மார்பிள் என்று விற்றார்கள். பள்ளத்தாக்கின் மேல்பக்கம் ஆர்ட்டன் கில் ஓடைக்கரையில் தண்ணீர்ச் சக்கரம் வைத்து அறுத்தார்கள். 1830களில் அந்தப் பக்கம் மீன் பிடிக்க வந்த வக்கீல் ஒருவர், இவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் சக்கரம் பயன்படுத்துவது கொஞ்சூண்டுதானே, மீதி வீணாகிறதே என்று யோசிக்க ஆரம்பித்தார். அவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். அந்த யோசனைதான் பிறகு துறைமுகங்களில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடும் பாரந்தூக்கிகளாகி, அவரைப் பெரும் தொழிலதிபர் ஆக்கியது.

ரயில் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிட்லண்ட் ரயில்வே 1869ல் செட்டில் முதல் கார்லைல் வரை மலை மேல் பாதை போட ஆரம்பித்து 1876ல் பயணிகளை ஏற்றியது. பக்கத்து சேப்பல்-லி-டேல் கல்லறையில் மட்டும் அந்தப் பாதை வேலையோடு சேர்ந்த 200 பேருக்கு மேல் புதைத்திருக்கிறார்கள், தொழிலாளிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும். டென்ட் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,150 அடியில், இங்கிலாந்தின் முக்கிய வழித்தடங்களிலேயே உயரமான நிலையம்; ஊரோ அதிலிருந்து நாலு மைலுக்கு மேல், அதுவும் கீழே. ஏன் ஊர்ப் பக்கம் கட்டவில்லை என்று கேட்டால், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் என்பார்கள். 1970ல் மூடினார்கள், 1986ல் திறந்தார்கள், பாதையையே மூடும் திட்டத்தை மக்கள் போராடி 1989ல் தடுத்தார்கள்.

அந்த நிலையத்திலிருந்து செங்குத்தான சாலையில் இறங்கினால் முதலில் வரும் இடம் கௌகில். கடைசிக்கு வைத்த தகராறு அங்கேதான்.

டென்ட் தேவாலயத்திலிருந்து தூரமான மேல்பள்ளத்து மக்களுக்கு ஒரு சிற்றாலயம் வேண்டும் என்று, விக்டோரியா ராணியான அதே 1837ல் கௌகிலில் கட்டத் தொடங்கினார்கள், அடிக்கல் வைத்தவர் செட்ஜ்விக். பெயர் கௌகில் சிற்றாலயம். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு கிர்த்வெயிட் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. 1860களில் அதைத் தனிச் சேகரமாகப் பதிவு செய்தபோது அங்கிருந்த உதவிப் பாதிரியார் கௌகில் என்ற பெயரை விட்டுவிட்டு, வட்டாரப் பெயரைப் போட்டார், அதையும் கிர்க்த்வெயிட் என்று எழுதினார். கிர்க் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் தேவாலயம். ஒரு 'க்' சேர்ந்ததும் அந்த இடத்தில் ஆதிகாலத்திலிருந்தே கோயில் நிலம் இருந்த மாதிரி அர்த்தமே மாறிவிட்டது. இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்களும் நானும் விட்டுவிடுவோம்.

செட்ஜ்விக் விடவில்லை. 83 வயது, கேம்பிரிட்ஜில் இருக்கிறார், உடம்பு முடியவில்லை. கௌகில் அறங்காவலர்கள் சார்பில் மனு எழுத உட்கார்ந்தார், மனு இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெயர் ஏன் தப்பு என்று சொல்ல வட்டார உச்சரிப்பைச் சொல்ல வேண்டியிருந்தது, உச்சரிப்பைச் சொல்லப் போய்ப் பழைய பேச்சு, பேச்சைச் சொல்லப் போய் அதைப் பேசிய ஆட்கள், அவர்கள் பின்னிய காலுறை, ராத்திரியில் உட்காரப் போனது, டென்ட் தெருவில் வீடுகளின் மாடியிலிருந்து வெளியே நீண்டிருந்து இப்போது காணாமல் போன மரத் தாழ்வாரங்கள், பள்ளத்தாக்கின் தட்பவெப்பம், பாறை என்று போய்க்கொண்டே இருந்தது. 1868ல் தனிப்பட்ட முறையில் அச்சடித்தார். மேலே நான் சொன்ன பின்னல் விவரங்களில் பல அதில் இருப்பவைதான். ஒருவருக்குக் கோபம் வந்திராவிட்டால் நமக்கு அது கிடைத்திருக்காது.

பிரதி ஒன்று விக்டோரியா ராணி கைக்குப் போனது. ராணியின் கணவர் ஆல்பர்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தராக இருந்தபோது அங்கே அவருடைய செயலாளராக இருந்தவர் செட்ஜ்விக், அதனால் ராணிக்கு நன்றாகத் தெரிந்தவர். ராணி அக்கறை எடுக்க, 1869ல் சட்டம் நிறைவேறியது, கௌகில் மறுபடி கௌகில் ஆனது. செல்வாக்குள்ள ஒரு மகன் இருந்ததால் நடந்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 1974ல் அதே டென்ட்டை யார்க்‌ஷயரிலிருந்து பிரித்து கம்ப்ரியாவில் போட்டபோதும், 2023ல் வெஸ்ட்மர்லண்ட் அண்ட் ஃபர்னஸ் என்ற புது மன்றத்துக்குக் கீழே கொண்டுபோனபோதும் அப்படி ஒரு கிழவர் இல்லை. இன்று யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, யார்க்‌ஷயர் மன்றத்துக்குக் கீழே இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டதே என்று செட்ஜ்விக் ஓய்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. மறு வருடம், 85 வயதில், மனுவில் விட்டுப்போனவற்றைச் சேர்த்து இன்னொரு பிரசுரம் போட்டார்.